துரு ஏறாத என் நாலாவது கார்

இன்று திருவொற்றியூரில் ஒரு பழைய கார் பார்க்கப் போனேன். பதிமூன்று கார் வாங்கி மாற்றியவன் நான், பெயிண்டைப் பார்த்து மயங்க மாட்டேன். நேராகத் தரையில் படுத்து அடியைப் பார்த்தேன்.

இந்தக் கடல் காற்றில் ஒரு பொட்டுத் துரு இல்லை!

“யாருங்க இப்படி வெச்சிருந்தது?” என்றேன்.

விற்கிறவர் சிரித்தார். “நைனா, அது முன்னாடி வெச்சிருந்த ஆளு. வாரா வாரம் அடியக் கழுவிகினே இருப்பானாம், சரியான கிறுக்கு. இந்தா, அவன் பழைய சர்வீஸ் பில்லு.”

பில்லில் என் பெயர்.

என் நாலாவது கார். நீலத்தை வெள்ளையாக்கியிருக்கிறார்கள். நம்பரை நானே மறந்திருக்கிறேன்.

அந்தக் கிறுக்கு நான்தான் என்று சொல்லவில்லை. ஆனால் குறை சொல்லிப் பேரம் பேச வாயே வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்ட விலைக்கே வாங்கிவிட்டேன்.

நானே விற்ற காரைத்தான் வாங்கி வந்திருக்கிறேன் என்று வீட்டில் எப்படிச் சொல்வது? யாராவது சொல்லுங்கள்.