நண்டு மேசைக்கு வந்த மத்தியானம்

சாப்பாட்டுக் கடைக்குள் நுழையக் கைப்பையைத் திறந்து காட்ட வேண்டும் என்பது, பத்து வருடம் டென்மார்க்கில் இருந்துவிட்டுக் கொழும்புக்கு வந்த எனக்குப் புதினமாக இருந்தது. காவலாளி தங்கச்சியின் பையைக் கிளறிவிட்டுப் புன்னகையோடு கதவைத் திறந்தான். உள்ளே பாட்டு அதிர்ந்தது. யாரோ பிறந்தநாள் கேக் வெட்ட, எல்லோரும் கைதட்டினார்கள். ஐஸ் குவியலில் விளைமீனும் இறாலும் மின்னின. வடக்கில் ஷெல் விழுவது அங்கே ஒருவருக்கும் தெரியாது போலிருந்தது.

தங்கச்சி வசந்தி பருத்தித்துறையிலிருந்து வந்து, விசாவுக்காக வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் நான்கு மாதமாகக் காத்திருந்தாள். அவளுக்கு நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுக்கவென்று நான்தான் இழுத்து வந்தேன். உண்மையில் ஆசை என்னுடையது. டென்மார்க்கில் மீன், தலையும் முள்ளும் இல்லாமல் பெட்டியில் வரும். மெனுவில் ‘ஜவ்னா கிராப் கறி’ என்று எங்கள் யாழ்ப்பாணத்து நண்டுக்கறியைக் கண்டதும் வாயூறியது. வெளிநாட்டிலிருந்து வரும் நாங்கள் ஊரை நினைக்கிறோம் என்பதெல்லாம் பல நேரம் நாக்கு நினைப்பதுதான்.

பரிமாறுபவர் உயிர் நண்டொன்றைத் தட்டில் கொண்டுவந்து காட்டினார். கால்களைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். வாயில் நுரை தள்ளியது. வசந்தி முகத்தைத் திருப்பினாள்.

“பய வென்ன எப்பா, மிஸ்,” என்றார் அவர் சிங்களத்தில். பயப்படாதீர்கள் என்று தேற்றுகிறாராம். நானும் சேர்ந்து சிரித்தேன்.

கறி வந்தது. நான் ஓட்டை உடைத்து உறிஞ்சினேன். அவள் பருப்பை மட்டும் விட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

“என்ன பிள்ளை, சாப்பிடன். உனக்காகத்தானே வந்தனான்.”

“எனக்குப் பருப்புக் காணும், அண்ணா.”

“இவ்வளவு தூரம் வந்து பருப்போ?”

அவள் குரலை உயர்த்தவில்லை. “அவர் கடலிலதானே கிடக்கிறார். அதில இருந்து வாறதை நான் எப்பிடித் தின்னுறது?”

அவள் கணவர் மீன்பிடிக்கப் போன வள்ளம் திரும்பவேயில்லை. எனக்கு அது தெரியாததல்ல. இரண்டு வருடத்துக்கு முன் தொலைபேசியில் நானும் விம்மி அழுதவன். ஆனால் அன்று காலையிலிருந்து அந்த மனிதன் என் நினைவில் ஒருமுறைகூட வரவில்லை. வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. குழம்பு வழிந்த என் விரல்களைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் சிரித்த சிரிப்பை நினைக்க, இன்னும் மோசம்.

“நீங்கள் சாப்பிடுங்கோ அண்ணா,” என்றாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

எழுந்து வெளியே வந்தோம். லொட்ஜுக்குத் திரும்பும் வழியில், காலி நகருக்குப் போகும் வீதிச் சோதனைச் சாவடியில் என் டெனிஷ் கடவுச்சீட்டைப் பார்த்த சிப்பாய், “யூ கோ, சேர்,” என்றான். வசந்தியின் அடையாள அட்டையையும், வடக்கிலிருந்து வருபவர்கள் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் தாளையும் வாங்கிக்கொண்டு, அவளைத் தகரப் பீப்பாய்களுக்கு அந்தப் பக்கம் நிறுத்தினான்.

“மை சிஸ்டர்,” என்று அவள் பக்கம் கையை உயர்த்திக் காட்டினேன்.

நான் அவளுக்குக் கையசைத்து விடைபெறுகிறேன் என்று நினைத்தானோ என்னவோ, “ஓகே, ஓகே, கோ,” என்று கையசைத்தான்.

போகச் சொன்ன பக்கம் நான் போகவில்லை, அவள் நின்ற பக்கம் போக அவன் என்னை விடவும் இல்லை. பீப்பாயில் ஒரு கையை ஊன்றியபடி, அவளை விடும்வரை வெயிலில் நின்றேன்.