குடியிருந்தவளோடு சேர்த்து வாங்கிய வீடு

ஆண்டர்சன்பேட்டையில் நான் வாங்கிய வீட்டின் கீழ்ப்பகுதியில் ஒரு தையல்கார அக்கா குடியிருந்தாள். பேட்டையில் பாதிப் பெண்களுக்கு அவள்தான் பிளவுஸ் தைப்பாள். எனக்கும் அவள்தான். நாங்கள் இருவரும் ஒரே சபை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் துணியை அவள் கையில் கொடுத்தால் அடுத்த வாரம் தைத்துக் கொண்டுவந்து தருவாள். "இன்னாம்மா, இளைச்சிட்ட மாதிரி இருக்கிற, அளவு மாத்தணுமா?" என்று கேட்பாள். புருஷன் செத்த பிறகு அந்த ஒரு மிஷினை வைத்துக்கொண்டே ஒற்றை ஆளாகக் காலம் தள்ளினவள் என்று அவளைப் பற்றி எல்லோருக்கும் மரியாதை இருந்தது. எனக்கும்தான்.

நான் பெங்களூருவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். தினமும் பக்கத்து ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் ஏறினால், பங்காருபேட்டை தாண்டுவதற்குள் பெட்டியில் பேச்சு மனை, வீடு, வாடகை என்று திரும்பிவிடும். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவள் ஒயிட்பீல்டு பக்கம் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருந்தாள். அவள் அதைச் சொல்லும்போது குரலே வேறாக இருக்கும். நான் தங்கச் சுரங்கக் கம்பெனி தொழிலாளிகளுக்குக் கொடுத்த லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் அப்பா அந்த வீட்டில் சுவருக்கு வேறு வண்ணம் அடிக்கக்கூட யோசிப்பார், கம்பெனி கேட்டால் என்ன பதில் சொல்வது என்று. எனக்கு வீட்டுக்காரி ஆகவேண்டும் என்று இருந்தது. பெங்களூருவில் வாங்க என் சம்பளம் போதாது. அதனால் பேட்டையிலேயே தேடினேன்.

புரோக்கர் காட்டிய முதல் வீடே அக்கா இருந்த வீடுதான். சொந்தக்காரர் சென்னையில் இருந்தார். "மாடி காலி. கீழ ஆள் இருக்குது, தங்கமான ஆள், உங்களுக்கே தெரியுமே. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், வாங்குன மாசத்துலயே வாடகை வரும்" என்றான் புரோக்கர். "ஒண்ணே ஒண்ணு. ரிஜிஸ்டர் முடியற வரைக்கும் கீழ யாருக்கும் மூச்சு விடாதீங்க."

நான் விடவில்லை. இதில் என்ன தப்பு என்று அன்றைக்கும் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை. அக்கா ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில், புரோக்கர் மாற்றுச் சாவியால் திறந்துவிட, முன்கூடத்தையும் சமையலறையையும் அவசரமாகப் பார்த்தேன். முன்பக்கம் முழுக்க இரும்பு கிரில், சமையலறையில் கிரானைட் மேடை, தண்ணீர் ஏற்ற மோட்டார், மாடிக்கு மேலே கறுப்பு டேங்க். எல்லாம் இருக்கிற வீடு என்று சந்தோஷப்பட்டேன்.

பத்திரம் கைக்கு வந்த பிறகு அவளைப் பார்க்க இனிப்போடு போனேன். அக்கா கிரில் கதவைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடியே பேசினாள்.

"வாங்க மேடம்" என்றாள்.

என்னை அதுவரை அவள் வாங்க என்று சொன்னதே கிடையாது.

"அக்கா, நானே சொல்லணும்னுதான் இருந்தேன்..."

"இந்த வீட்ட எனக்கே தரேன்னு அந்தச் சென்னை மனுஷன் எத்தினி வருஷமா சொல்லிகினு இருந்தாரு, தெரியுமா உங்களுக்கு? கோஆபரேட்டிவ்ல லோனுக்கு எழுதிப் போட்டுட்டு உக்காந்திருக்கிறேன் நானு. போன சண்டே கூட எங்கிட்ட துணி குடுத்தீங்க. அப்ப வாயில இன்னா இருந்திச்சு?"

"எனக்கு அது தெரியாதுக்கா."

"தெரியாது. சரி. வாடகை மாசம் பொறந்தா வந்துடும். அத்த வாங்க நீங்க இங்க வர வேணாம். மாடிக்கு வெளிப்பக்கம் படி இருக்குது, அப்பிடி போங்க."

இனிப்பைத் திரும்பக் கொண்டுவந்தேன். அந்த வாரக் கடைசியில் நான் கொடுத்திருந்த துணி, கத்திரி படாமல், மடிப்புக் கலையாமல், பக்கத்து வீட்டுப் பெண் மூலமாக என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

மாடியை வாடகைக்கு விடுவது சுலபம் என்று நினைத்திருந்தேன். முதலில் வந்தது ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் அவர் மனைவியும். அவர்களுக்கு அறைகள் பிடித்திருந்தன. நான் பூட்டிவிட்டு இறங்கி வருவதற்குள் அவர்கள் கிரில் முன்னால் நின்றிருந்தார்கள். உள்ளே அக்கா மிஷினை மிதித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், அந்தப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"குழாய்ல தண்ணி எப்பப்ப வரும்னு மேடம் சொன்னாங்களா? சொல்லலியா? மாடிக் கூரை மழையில எங்க ஒழுகும்னு காட்டினாங்களா? காத்து அடிக்கிற மாசத்துல, சுரங்கத்துல கொட்டி வெச்ச சைனைட் மேட்டுத் தூள் அப்பிடியே வந்து மாடியிலதான் எறங்கும். குழந்தைங்க இருந்தா யோசிச்சுக்கோங்க."

அவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை.

"எதுக்குக்கா இப்பிடிப் பண்றீங்க?" என்று கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"நான் சொன்னதுல எது பொய்?"

எதுவும் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. அடுத்து வந்தவர்களுக்கும் அதே பேச்சு, அதே மிஷின் சத்தம். கடைசியில் வெளிமாநிலத்திலிருந்து வந்த இரண்டு நர்சுகள், அவள் பேசின தமிழ் சரியாகப் புரியாததால், மாடிக்கு வந்தார்கள். குளிக்கத் தண்ணீர் வரவில்லை என்று மூன்றாம் நாளே போன் செய்தார்கள். அக்கா மோட்டாரை நிறுத்திவைத்திருந்தாள்.

"மோட்டர் என்னுது. நான் எனக்கு வேணும்னா போடுவேன்" என்றாள்.

வீட்டில் இருக்கிற மோட்டார் எப்படி அவளுடையது ஆகும்? திமிர் என்று நினைத்தேன். டேங்கர்காரனிடம் சொல்லி, நர்சுகளுக்குத் தனியாக டிரம்மில் தண்ணீர் ஊற்ற வைத்தேன்.

இதற்குள் சபையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பெண்கள் பக்கத்தில் பாதிப் பேர் எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார்கள். பாஸ்டர் ஒரு ஞாயிறு எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். சகோதரிகள் சமாதானமாக வேண்டும், சேர்ந்து ஜெபிக்கலாம் என்றார்.

"ஐயா, நீங்க ஜெபம் பண்ணுங்க, நான் ஆமென் சொல்றேன்" என்றாள் அக்கா. "இவங்ககிட்ட மட்டும் பேசச் சொல்லாதீங்க."

அவர் ஜெபித்தார். அவள் ஆமென் சொன்னாள். நான் அதையும் சொல்லவில்லை. மறுநாள் பெங்களூருவில் ஒரு வக்கீலைப் பார்த்து, வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் அனுப்பினேன்.

சண்டைக்கு வருவாள், கோர்ட்டுக்குப் போவாள் என்று தயாராக இருந்தேன். அவள் அப்படி எதுவும் செய்யவில்லை. இந்த மாதக் கடைசி சனிக்கிழமை காலி செய்கிறேன் என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி அனுப்பினாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை சாவி வாங்கப் போனபோது தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. வாசலில் ஒரு டெம்போ நின்றிருந்தது. ஒரு கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் வெல்டரும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். முன்பக்க கிரில் சுவரிலிருந்து கழன்று டெம்போவில் சாய்ந்திருந்தது. மோட்டாரும் ஏறியிருந்தது. கறுப்பு டேங்கைக் கயிறு கட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். சமையலறையில் கொத்தனார் கிரானைட் மேடையைப் பெயர்த்து எடுத்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க. இது என் வீடு. போலீஸைக் கூப்பிடுவேன்" என்றேன்.

அக்கா போனை எடுத்துச் சென்னைக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டு என் முகத்துக்கு நேராக நீட்டினாள். பழைய சொந்தக்காரர் தூக்கக் கலக்கத்தில் பேசினார்.

"ஆமாம்மா, அதெல்லாம் அந்தம்மா போட்டதுதான். நான் சுவரும் கூரையும் மட்டுந்தான் குடுத்திருந்தேன். மிச்சத்த அவங்களே செஞ்சுக்கிட்டாங்க, நான் ஒண்ணும் சொல்லல."

"இத எங்கிட்ட ஏன் சொல்லல நீங்க?"

"நீங்க கேக்கலையே. நான் வித்தது வீட்டைத்தான், அவங்க சாமானை நான் எப்பிடிம்மா விக்கிறது?" என்று வைத்துவிட்டார்.

புரோக்கருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. கொத்தனார் கடப்பாரையைக் கையில் பிடித்தபடி எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி, விலை சொல்லுங்க. எல்லாத்தையும் நானே எடுத்துக்கிறேன்" என்றேன்.

அக்கா அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தாள். பத்திரம் முடிந்த நாளிலிருந்து அவள் என் கண்ணைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நானும் அவர்கிட்ட அதான் கேட்டுகினு இருந்தேன், வெல சொல்லுங்கன்னு. யாரு சொன்னாங்க?" என்றாள். பிறகு கொத்தனாரிடம், "இன்னா நிக்கிற? பாத்து எடு, செவுரு ஒடையக் கூடாது" என்றாள்.

சுவர் உடையவில்லை. ஆணி பிடுங்கின ஓட்டை ஒவ்வொன்றையும் சிமெண்ட் வைத்து அடைக்கச் சொன்னாள். ஒயர் தொங்கின இடங்களில் டேப் சுற்ற வைத்தாள். கடைசியில் தானே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வீடு முழுக்கப் பெருக்கித் துடைத்தாள். நான் ஈரத்தரையில் கால் வைக்காமல் வெளியே வெயிலில் நின்றேன். சாவியை என் கையில் தரவில்லை. ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, டெம்போவில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிப் பங்காருபேட்டைக்குப் போய்விட்டாள்.

உள்ளே போய்ப் பார்த்தேன். நான்கு சுவர், கூரை, கதவு. மாடியிலிருந்து நர்சுகளில் ஒருத்தி எட்டிப் பார்த்து, டேங்க் எங்கே என்று கேட்டாள். அந்த வாரமே அவர்களும் காலி செய்தார்கள்.

எல்லாவற்றையும் புதிதாகப் போட்ட பிறகுதான் அந்த வீட்டுக்கு ஆள் வந்தது. அக்கா பங்காருபேட்டையிலிருந்து இன்னும் எங்கள் சபைக்குத்தான் வருகிறாள். அங்கே வேறு சபைகள் இருக்கின்றன. எனக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வருகிறாள் என்று நினைக்கிறேன். நானும் அதனால்தான் ஒரு ஞாயிறுகூடத் தவறுவதில்லை. கிறிஸ்துமஸ் அன்று எல்லோரும் கை குலுக்கும்போது அவள் எனக்கு முன்னால் இருக்கிறவள் வரைக்கும் வந்து திரும்பிவிடுவாள். நான் அதற்குள் கையைப் பின்னால் கட்டியிருப்பேன். எனக்கு இப்போது ஒரு கடைக்காரர் பிளவுஸ் தைக்கிறார், தோள்பட்டை சரியாகவே உட்காருவதில்லை.

போன மாதம், கீழே குடியிருக்கும் பெண் போன் செய்தாள். படுக்கையறையில் தன் செலவில் ஒரு மர அலமாரி அடித்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"கூடாது" என்றேன்.

"எங்க துட்டு தானே மேடம் செலவு பண்றோம்?"

"அதான் கூடாதுன்றேன். அலமாரி வேணும்னா நான் போட்டுத் தரேன். நீங்க எதையும் போடக் கூடாது."

அடுத்த வாரமே தச்சனைக் கூட்டிக்கொண்டு போய் நின்று அடிக்க வைத்தேன். அவள் வந்து பார்த்தாள். கலர் நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.