தேவாரம் பாடத் தெரிந்த பிள்ளை

அந்தச் சட்டத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். அது கெட்ட சட்டம் என்பதால் இல்லை. நல்ல சட்டம். அதுதான் எரிச்சல்.

எங்கள் மகளுக்கு அப்போது ஆறு வயது. லண்டனில், லூயிஷாம் சந்தைக்குப் பின்பக்கம், கவுன்சில் கொடுத்த மாடி வீட்டில் இருந்தோம். பிள்ளை பேசுவதில்லை. பசித்தால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பாணின் மேல் வைப்பாள். எங்காவது நொந்தால் சுவரில் தலையை இடிப்பாள். பள்ளிக்கூடத்தில் மேசைக்குக் கீழே போய் இருந்துவிடுவாள். ஆசிரியை நல்ல மனுசிதான். ஆனால் வீட்டில் தமிழ் பேசுவதால்தான் இப்படி, ஆங்கிலம் வந்ததும் சரியாகிவிடும் என்று சேர்த்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படியான பிள்ளைகளுக்கென்றே பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. வகுப்புக்கு ஏழெட்டுப் பிள்ளைகள்தான். அதன் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஆனால் ஆசைப்பட்டவுடன் சேர்க்க முடியாது. கவுன்சில் அனுப்பும் உளவியலாளர் பார்த்து, பிள்ளைக்கு விசேட தேவை இருக்கிறது என்று உறுதிப்படுத்த வேண்டும். சட்டத்தில் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. வீட்டு மொழியும் பள்ளிக்கூட மொழியும் வேறு வேறு என்பது மட்டும்தான் காரணமென்றால், அந்தப் பிள்ளைக்குக் கற்றலில் குறைபாடு இருப்பதாகக் கொள்ளக்கூடாது.

ஏன் அப்படி என்று கீழ்வீட்டு ஜமைக்கா மனுசி சொன்னாள். அவளுடைய தம்பியை, அவன் பேசுவது விளங்கவில்லை என்று சொல்லியே சின்ன வயதில் அப்படியொரு பள்ளிக்கூடத்தில் தள்ளிவிட்டார்களாம். நல்ல மூளைசாலி. அவன் படிப்பு அதோடு போயிற்று. அவனைப் போன்றவர்களைக் காப்பாற்ற வந்த சட்டம் என் பிள்ளைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றது. திறப்பதற்கு ஒரே வழிதான் இருந்தது. அவளுக்குத் தமிழிலும் பேச்சு இல்லை என்று காட்ட வேண்டும். அது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். வீட்டில் இவர் ஒருவர் இருக்கிறார் என்பதை மறந்துபோனேன்.

என் வீட்டுக்காரருக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். விடியக் களைத்து வந்து, தேநீரை வைத்துக்கொண்டு தேவாரக் கசெற் போடுவார். பிள்ளை ஓடிவந்து முன்னால் நிலத்தில் சப்பாணி கட்டி இருப்பாள். ஒருநாள் கசெற் முடிந்த பிறகும் பாட்டு நிற்கவில்லை. பாடியது அவள். ஒரு சொல் பிசகவில்லை. அன்றைக்கு அவர் அழுதுவிட்டார். அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் அவளை நிறுத்திப் பாடவைப்பார்.

"என்ன வடிவாப் பாடுது. ஆர் சொன்னது இந்தப் பிள்ளைக்குக் குறையெண்டு?" என்று சனம் மெச்சும். அவர் நிமிர்ந்துகொண்டு வீட்டுக்கு வருவார். தண்ணீர் வேண்டும் என்று அவள் ஒருநாளும் வாய்திறந்து கேட்டதில்லை என்பது கோயில் சனத்துக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

உளவியலாளர் வீட்டுக்கு வந்தார். மெல்லிய குரலில் பேசுகிற வெள்ளைக்காரப் பெண். நிலத்தில் குந்தியிருந்து பொம்மையைக் காட்டினார், கட்டை அடுக்கினார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. பெற்ற பிள்ளை தோற்பதைப் பார்த்து நிம்மதிப்படுகிற நிலைமை வந்ததே என்று என்மேலேயே கோபமும் வந்தது. அப்போதுதான் இவர் கதிரையை விட்டு எழும்பினார். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் பிள்ளையைப் பாடவைக்காமல் எங்கள் ஆட்கள் அனுப்புவார்களா?

"பிள்ளை, அன்ரிக்கு ஒரு தேவாரம் பாடிக் காட்டுங்கோ," என்று முதலடியை எடுத்துக் கொடுத்தார்.

"இஞ்சாருங்கோ, பேசாமல் இருங்கோ," என்றேன். அவர் காதில் விழவில்லை.

பாடினாள். கடவுளைத் தாயே, தந்தையே என்று கூப்பிடுகிற தேவாரம். முழுவதையும் பாடினாள். அந்தப் பெண் பேனையைக் கீழே வைத்துவிட்டு ஆவென்று கேட்டுக்கொண்டிருந்தார். தமிழ் தெரியாத காதுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? கொஞ்ச நாளில் முடிவு வந்தது. தாய்மொழி நன்றாக ஓடுகிற பிள்ளை, ஆங்கிலம் பழக உதவி கொடுத்தால் போதும் என்று.

"இப்ப சந்தோசமோ?" என்று கேட்டேன்.

"அவளிட்ட இருக்கிறது அந்த ஒண்டுதான். அதையும் மறைக்கச் சொல்லுறீரோ?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் செத்தால் அவள் ஆரிட்டப் போய், எந்தத் தேவாரத்தைப் பாடித் தண்ணி கேக்கிறது?"

அவர் சாப்பிடாமலே வேலைக்குப் போனார்.

நான் விடவில்லை. ஜமைக்கா மனுசியைக் கூட்டிக்கொண்டு கவுன்சிலுக்குப் போய்ப் போய் நின்றேன். எனக்கு ஆங்கிலம் அரைகுறை, அவளுக்கு வாய் நீளம். கடைசியில் மறுபடியும் பார்க்கச் சம்மதித்தார்கள். இந்தமுறை பள்ளிக்கூடத்தில், அதே உளவியலாளர். இவரும் வந்தார். அங்கேயும் பாடவைத்துவிடுவாரோ என்று வழியெல்லாம் அவர் வாயையே பார்த்துக்கொண்டு போனேன்.

அது பேச்சில்லை, கசெற்றில் கேட்டதை அப்படியே சொல்கிறாள் என்று என் உடைந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அந்தப் பெண் இவர் பக்கம் திரும்பினார். "பாட்டுச் சொல்லிக் கொடுத்தது நீங்கள்தானே. வேலை முடிந்து வரும்போது மகள் உங்களை என்னவென்று கூப்பிடுவாள்?" என்று கேட்டார்.

இவர் பிள்ளையைப் பார்த்தார். அவள் யன்னல் கயிற்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒன்றும் கூப்பிடுவதில்லை," என்றார் ஆங்கிலத்தில். பிறகு தானாகவே, "ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அப்பா என்றால் நான்தான் என்று அவளுக்குத் தெரியாது," என்றார்.

அந்தப் பெண் அதை எழுதிக்கொண்டார்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. பஸ் தரிப்பில் நிற்கும்போது, "நான் சொன்னது காணுமோ?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம், காணும்," என்றேன். வேறு என்ன சொல்வது?

அது போதுமானதாகத்தான் இருந்தது. இடம் கிடைத்தது. காலையில் வாசலுக்கே பள்ளிக்கூட வான் வண்டி வரும். தண்ணீர் வேண்டுமென்றால் தண்ணீர்ப் படத்தைத் தொட்டுக் காட்ட அங்கே பழக்கினார்கள். அதைப் பழகவே நெடுங்காலம் எடுத்தது. பேச்சு வரவில்லை.

அவர் விடிய வந்து தேவாரக் கசெற் போடுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பிள்ளை கத்துவாள். பக்கத்தில்தான் இருப்பார். தந்தையே என்று அவள் பாடப்போகிற இடம் கிட்ட வந்ததும் மட்டும் எழும்பிக் குசினிக்குள் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவார்.