பாய் நின்ற இடம்

அந்தப் பெட்டியில் முதன்முதலாகச் சிவப்பு எண்கள் எரிந்தபோது யாரும் கைதட்டவில்லை. மேனேஜர் அதற்குச் சந்தனம் தடவி, பூச்சரம் சுற்றி, வாசலில் தேங்காய் உடைத்தார். எடை இயந்திரம் விற்ற கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினியர் பையன் பட்டனை அழுத்தியதும் கறுப்புக் கண்ணாடிக்குள்ளே ஒரு சுழியம் எரிந்தது. வெளியே யார்டில், கிரேன் கொக்கியில் தொங்கிய புதுத் தராசின் இரும்புக் கூட்டுக்கும் இந்தப் பெட்டிக்கும் இடையில் ஒரு ஒயர்கூட இல்லை. அங்கே தூக்குகிற எடை இங்கே கேபினுக்குள் தெரியும் என்றார்கள். நாங்கள் ஏழெட்டுப் பேர் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் எல்லோருக்கும் பின்னால், கறுப்புத் துணியால் தலையை மூடிக்கொண்டு, அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து எண்களைப் படிப்பதற்காகவே வேலைக்குச் சேர்க்கப்பட்டிருந்த அக்கா நின்றிருந்தார். பாயின் மனைவி.

அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டி எங்கள் யார்டு இருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இரும்புத் தகடுகளும் கம்பிக் கட்டுகளும் லாரியில் வந்து இறங்கும், எடை போடப்பட்டுச் சின்னச் சின்னப் பட்டறைகளுக்கு ஏறிப் போகும். நான் டெஸ்பாட்ச் கிளார்க். கூரையில்லாத திறந்த வெளியில், தண்டவாளத்தின் மேல் நகரும் பெரிய கிரேன் ஒன்று. அதன் உச்சியில் ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஆபரேட்டர் அண்ணன். பட்டாபிராமிலிருந்து முதல் ரயிலில் வருவார். கொக்கியில் சுவர்க்கடிகாரம் போல வட்டமான ஒரு முள் தராசு தொங்கும். அதற்குக் கீழே சங்கிலி, சங்கிலியில் சரக்கு. முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் பாயின் வேலை.

பாய் பூந்தமல்லிக்காரர். பஸ் பிடித்து வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு, எந்த வெயிலிலும் யார்டின் நடுவில் நிற்பார். சரக்கு மேலே எழும்பியதும் தலையை நிமிர்த்தி, கண்ணுக்கு மேல் கையை வைத்து, தராசையே பார்த்துக்கொண்டிருப்பார். முள் நின்றதும், "ரெண்டு எட்நூறு! போ அண்ணாத்தே!" என்று ஒரு குரல். மேலிருந்து ஆபரேட்டர் அண்ணன் ஹாரனை ஒரு தட்டுத் தட்டுவார். கேபினில் உட்கார்ந்து நான் இரண்டாயிரத்து எண்ணூறு கிலோ என்று எழுதுவேன். ஒரு நாளில் எத்தனை முறை அந்தக் குரலும் ஹாரனும் மாறி மாறிக் கேட்டன என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. தூரத்து ரயில் சத்தம் மாதிரி அது காதில் விழுந்துகொண்டே இருந்தது. மதியம் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமைகளில் பாய் தொழுதுவிட்டுத் திரும்பும் வரை ஆபரேட்டர் அண்ணன் டிபன் பாக்ஸைத் திறக்காமல் காத்திருப்பார்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் காற்று கடுமையாக அடித்தது. காலையில் தூறல் வேறு. நான் கேபினுக்குள் லாரி டிரைவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். தகரக் கொட்டகை இடிந்து விழுந்தது போல ஒரு சத்தம். பிறகு ஹாரன். விட்டு விட்டு அல்ல, விடாமல். அதை அழுத்திய கை எடுக்கப்படவே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தபோது தகட்டுக் கட்டு ஒரு பக்கமாகச் சரிந்து தரையில் கிடந்தது. ஈரத்தில் சங்கிலியின் ஒரு முனை வழுக்கியிருக்கிறது. பாயின் ஒரு செருப்பு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. மீதியை எழுத எனக்குக் கை வரவில்லை, இத்தனை வருடங்களுக்குப் பிறகும்.

மூன்றாம் நாள் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். எடை பார்க்கும் ஊழியர், விதியை மீறி, தொங்கும் சரக்கின் அருகே சென்றதால், தமது சொந்தக் கவனக்குறைவால் விபத்துக்கு உள்ளானார் என்று அதில் இருந்தது. விபத்தைப் பார்த்த ஒரே சாட்சி ஆபரேட்டர் அண்ணன். அவரும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றார்கள். நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்கும்படியான நிலையிலும் அவர் இல்லை. அதன்பின் அவர் கூண்டிலிருந்து இறங்கிவந்து யாரோடும் சாப்பிட்டதில்லை. டிபன் பாக்ஸை மேலேயே எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அக்கா அப்போது இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண் நாலு மாதத்துக்குமேல் வெளியே வராமல் வீட்டோடு இருக்கும் வழக்கம் அது. அந்தக் காலம் முடிந்து, மார்கழிக் குளிரில், இரண்டு பிள்ளைகளையும் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்து சேர்ந்தார். மனிதாபிமானத்தோடு வேலை கொடுத்திருக்கிறோம் என்று மேனேஜர் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அதே வாரத்தில்தான் பெட்டியும் வந்தது.

தேங்காய்ச் சில்லுகளைப் பொறுக்கி முடித்ததும் இன்ஜினியர் பையன் அக்காவை நாற்காலியில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தான். காலையில் கொக்கி வெறுமனே தொங்கும்போது சுழியம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். சரக்கு ஏறினால் எண்கள் ஓடும், ஆடும். அவை நின்றதும் ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு எரியும், அதுதான் சரியான எடை. எண்களுக்குப் பதில் கோடு கோடாக வந்தால் சிக்னல் அறுந்துவிட்டது என்று அர்த்தம், கிரேனை நிறுத்தச் சொல்ல வேண்டும். தராசுக்குள் இருக்கும் பேட்டரியைத் தினமும் சார்ஜில் போட வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு, அந்தப் பையன் சிரித்துக்கொண்டே, "இனிமே யாரும் சரக்கு கிட்ட போகவே வேணாம்மா. ரொம்ப சேஃப்டி" என்றான். அவனுக்கு எதுவும் தெரியாது. யாரும் சொல்லியிருக்கவில்லை.

அக்கா பெட்டியைப் பார்த்தார். பிறகு கண்ணாடி வழியாக யார்டின் நடுவே பார்த்தார். "இது புதுசா வந்துகீதா தம்பி?" என்று கேட்டார்.

"இல்லம்மா. ரொம்ப நாளா வித்துகிட்டுதான் இருக்கோம். உங்க கம்பெனிக்கே முன்னாடி ஒரு தடவை கொண்டுவந்து காட்டினோமே, சார்" என்று அவன் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் போன் வந்ததுபோல ஆபீஸ் பக்கம் நடந்துவிட்டார்.

அதன்பின் அந்தக் கேபினில் அக்காவோடு நானும் இருந்தேன். யார்டு அமைதியாகிவிட்டது. எடையைக் கூவ யாரும் தேவையில்லை. சுவருக்கு வெளியேயும் ஒரு பெரிய எண் பலகை மாட்டியிருந்ததால், ஆபரேட்டர் அண்ணன் மேலிருந்தே அதைப் படித்துக்கொள்வார். முதல் சில நாட்கள் பழக்கத்தில் ஒவ்வொரு எடைக்கும் ஹாரனைத் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் அக்காவின் தோள் குலுங்கியது. அது மேலேயிருந்து தெரிந்ததோ என்னவோ, ஒரு நாள் ஹாரன் நின்றுபோனது. அக்காவின் கணவர் மேல் விழுந்த சரக்கைத் தூக்கிய மனிதர் தினமும் தூக்க, அக்கா தினமும் எடை படித்தார். இருவருக்கும் நடுவில் ஒரு வார்த்தை கிடையாது. எண்கள் மட்டும் போய் வந்தன.

அக்காவின் தம்பி ஏற்கெனவே தொழிலாளர் ஆபீசில் வழக்குப் போட்டிருந்தார். மேனேஜர் ஒரு நாள் கேபினுக்கே வந்து, "வேலைதான் குடுத்துட்டோமேம்மா. கேஸ் எதுக்கு? வாபஸ் வாங்கிடுங்க" என்றார். அக்கா பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேல என்னோடது சார், செய்யறேன். கேஸ் அவரோடது" என்றார்.

விசாரணைக்கு அக்கா என்னைத் துணைக்கு வரச் சொன்னார். ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். நானும் அக்காவும் அவர் தம்பியும் மின்சார ரயிலில் போய் இறங்கி, பிறகு பஸ்ஸில் போனோம். ஆபரேட்டர் அண்ணனைக் கம்பெனி காரிலேயே கூட்டிவந்திருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையில், வேறு யாரோ மாதிரி, சுவர் ஓரமாக நின்றிருந்தார்.

கம்பெனி வக்கீல் நிதானமாகப் பேசினார். தராசு பெரியது, பாதுகாப்பான தூரத்திலிருந்தே படித்திருக்கலாம், இறந்தவர் தேவையில்லாமல் அருகே போனார், கண்ணால் கண்ட சாட்சியே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றார். விசாரித்த அதிகாரி தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார். அப்போது அக்கா எழுந்து நின்றார். பேசலாமா என்று கேட்டார்.

"அய்யா, அந்த முள்ள தூரத்துல நின்னுகினே படிக்க முடியும்னா, இந்தப் பொட்டிய எதுக்கு வாங்கினாங்க? நான்தான் டெய்லி அதப் படிக்கிறேன். எங்க ஊட்டுக்காரரு நின்ன எடம் என் சேர்லருந்து தெரியுது. அவரு செத்ததுக்கு அப்புறம்தான் அவங்களுக்கு அந்தத் தூரம் தெரிஞ்சுதா?"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு ஆபரேட்டர் அண்ணனைக் கூப்பிட்டு, "எங்கே நின்னா அந்த முள்ளு தெரியும்? நீங்க சொல்லுங்க" என்றார்.

வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"கிட்ட போனாத்தான் சார் தெரியும்" என்றார் ஆபரேட்டர் அண்ணன். "அன்னிக்குக் காத்துல தராசு திரும்பிகினு போச்சு. லாரிக்காரன் அவசரப்பட்டான். நான்தான் மேலருந்து கத்தினேன், முள்ளு அந்தாண்ட கீது, சுத்திகினு போய்ப் பாரு பாய்னு. நான் சொல்லித்தான் போனாரு." பிறகு, யாரும் கேட்காமலே, "இங்கிலீஷ்ல டைப் அடிச்சி வச்சிருந்தாங்க. வேல வேணும்னா கையெழுத்துப் போடுன்னாங்க. போட்டுட்டேன்" என்றார்.

அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். ரயிலில் வீடு திரும்பினோம். வில்லிவாக்கம் தாண்டியபின் ஒரு முறை மட்டும், "சுத்திகினு போ பாய்" என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டது எனக்குக் கேட்டது.

தீர்ப்பு வந்தது. கவனக்குறைவு என்ற வார்த்தையை அதிகாரி அடித்துவிட்டார். குற்றம் நிர்வாகத்தின் மேல் என்று எழுதினார். நோட்டீஸ் போர்டில் யாரும் அதை ஒட்டவில்லை. அதற்குப் பதில் வேறொரு தாள் ஒட்டினார்கள். பொய் வாக்குமூலம் கொடுத்த ஊழியரை நிர்வாகம் வைத்துக்கொள்ள இயலாது என்று. எழுதி வாங்கியவர்களே அதையும் எழுதினார்கள். ஆபரேட்டர் அண்ணனுக்கு வேலை போயிற்று.

கடைசி நாள் மதியம் அவர் கூண்டிலிருந்து இறங்கி வந்தார். டிபன் பாக்ஸும் ஒரு பழைய துண்டும் கையில் இருந்தன. கேட்டை நோக்கிப் போனவர், திரும்பிவந்து கேபினின் கண்ணாடிக்கு வெளியே நின்றார். உள்ளே வரவில்லை. அக்கா எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். நான் வெளியே போய்விடலாமா என்று நினைத்தேன், ஆனால் வழி அடைபட்டிருந்தது, அவர்கள் இருவராலும்.

"கடசியா இன்னா சொன்னாரு?" என்று அக்கா கேட்டார்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சுத்திகினு போனாரும்மா. மேல பாத்தாரு. 'இரு அண்ணாத்தே, இன்னும் ஆடுது'ன்னாரு. அவ்ளோதான்."

அக்கா கதவுச் சட்டத்தில் சாய்ந்துகொண்டார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. குரல் மட்டும் இறங்கிப்போயிருந்தது.

"நீ அப்பவே சொல்லியிருக்கலாம்ண்ணே. எனக்காவது வந்து சொல்லியிருக்கலாம். இத்தால நாலு சுவத்துக்குள்ள குந்திகினு நான் இன்னா பண்ணேன் தெரியுமா? அவரத்தான் திட்டினேன். கம்பெனில எழுதி ஒட்டிகீறாங்களே, நெசமாத்தான் இருக்கும்னு. கண்ணு தெரியலயா உனக்கு, புள்ளைங்க நெனப்பு வரலயா, அப்படி இன்னா அவசரம்னு டெய்லி திட்டினேன். செத்த மனுசன. பாவம், அவரு இருன்னுதான் சொல்லிகினு இருந்திருக்காரு."

ஆபரேட்டர் அண்ணன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அக்கா அவரைப் போகச் சொல்லவும் இல்லை, உள்ளே கூப்பிடவும் இல்லை. அவர் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். லோடு ஏற்ற வந்த லாரிக்காரன் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஏதோ சரியில்லை என்று புரிந்து வண்டியிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டான்.

பிறகு பல வருடங்கள் ஆபரேட்டர் அண்ணன் பட்டாபிராம் ரயிலடியில் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அந்த இடத்தில் வேறு ஆள் இருந்தார். விசாரித்தேன், இறந்துபோய்விட்டார் என்றார்கள். யார்டு இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு. தொங்கும் எடையைத் தூரத்தில் உட்கார்ந்து படிக்கும் கருவிகள் இப்போது எல்லா இடத்திலும் வந்துவிட்டன. ஆபரேட்டர்கள் கைக்குள் அடங்குகிற அளவில்கூட வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு மனிதர் சரக்கின் கீழே நின்றார் என்று சொன்னால் நம்பச் சிரமப்படுகிறார்கள்.

அக்காவைக் கடைசியாக நசரத்பேட்டையில் அவர் மகன் வீட்டில் பார்த்தேன். கண் பார்வை மங்கிவிட்டது. பேரப்பிள்ளைகள் சத்தம் போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் பழைய கதை எதையும் எடுக்கவில்லை. டீ கொடுத்தார், உடம்பைப் பற்றிப் பேசினோம். கிளம்பும்போது வாசல்வரை வந்தவர், யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார்.

"அஞ்சு வேளையும் தொழுவுறேன் தம்பி. எனக்குன்னு ஒண்ணும் கேக்கறதில்ல. அப்போ திட்டினது எதுவும் அவரு காதுல உழுந்திருக்கக் கூடாது, அது மட்டுந்தான் கேக்கறேன்."