பாதிப் பொறை

மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான் திருத்தணியில் நாலு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன். பார்த்த மாத்திரத்தில் ஆளை எடை போட்டுவிடுவேன். தவறியது அந்த மணவூர்க்காரரிடம் மட்டும்தான்.

ஒட்டிய கன்னம், வெளுத்த காக்கிச் சட்டை. வீடு பார்க்க வந்தவருக்கு டீயும், தொட்டுக்கொள்ளப் பொறை ரொட்டியும் வாங்கிக் கொடுத்தேன். பொறையை உடைத்து, பாதியைக் குனிந்து பார்க்காமலே காலடியில் இருந்த நாய்க்கு நீட்டினார்.

“நாய்க்கெல்லாம் நம்ம வீட்ல இடமில்லைங்க.”

“அது இல்லாம நான் வரமாட்டேங்க.”

பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். போகட்டும் என்று ஒத்துக்கொண்டேன்.

குடிவரும் நாளில், ராகு காலத்துக்கு முன் பால் காய்ச்ச வேண்டுமென்று வண்டி விரைந்து வந்தது. அவர் முன்சீட்டில். நாயைப் பின்னால் சாமான்களோடு, கட்டில் காலில் கட்டியிருந்தார். வண்டி நின்றபோது அது வெளியே, கழுத்துக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. உயிர் இல்லை.

“வழியில குதிச்சிடும்னுதாங்க கட்னேன்.”

“நேரம் போய்க்கினு இருக்கு. மொதல்ல பாலை வச்சிடுங்க.”

“அது இல்லாம வரமாட்டேன்னு சொன்னேன் இல்லைங்க?”

நாயை மடியில் போட்டுக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். சாமான் இறக்காமலே வண்டி மணவூருக்குத் திரும்பியது.

அது தெருமுனை திரும்பும்வரை நான் கேட்டைப் பிடித்தபடி நின்றேன்.