இடது இருக்கைக்கான ஸ்பிரிங்

ஆரியசாலைக் கடைத்தெருச் சந்துகளுக்குள் சரக்கு வண்டியைப் பின்பக்கமாகவே கொண்டுபோய் நிறுத்த வேண்டுமென்றால், பழகிய டிரைவர்களே விஜயத்தைக் கூப்பிடுவார்கள். அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ஒரு மூட்டையைக்கூட உரசாமல் வண்டியை உள்ளே விட்டுவிட்டு இறங்குவாள். அப்பா விட்டுப்போன அரிசி, பருப்பு, சீனி மொத்தக் கடை அவளுடையது. வண்டி படித்ததும் அந்தக் கடையின் மினி லாரியில்தான். முதலில் ரிவர்ஸ் படித்தாள், முன்னால் ஓட்டப் படித்தது அப்புறம். அந்தச் சந்தில் வேறு மாதிரி படிக்க முடியாது.

அப்படிப்பட்டவள் ஐம்பதாவது வயதில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினாள். இரண்டே கதவு, இரண்டே இருக்கை, குண்டு மிளகாய் வத்தல் நிறம். வெளிநாடு போகிற ஒரு பையன் விற்ற பழைய வண்டி. இந்த வயதில் ஒரு பெண் காசிக்குப் போனால் ஊர் கும்பிடுகிறது. ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினால் ‘உடம்புக்கு ஒண்ணும் இல்லையே’ என்று வீட்டுக்கே வந்து விசாரிக்கிறது. வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்து அனுப்பினாள், ஒருவரையும் வண்டியில் ஏற்றவில்லை. முதலில் ஏற வேண்டியவர் வீட்டிலேயே இருந்தார்.

அவர் அவள் கணவர் சாம்பசிவன். செக்ரட்டேரியட்டில் செக்ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் பெரிது, பயம் அதைவிடப் பெரிது. கல்யாணமானதிலிருந்து கோயிலோ கல்யாண வீடோ ஆஸ்பத்திரியோ, எங்கே போனாலும் அவருடைய ஸ்கூட்டர்தான், பின்னால் விஜயம்தான். சைக்கிள்காரன் முந்திப் போவான். பேசுவதில் பாதியைக் காற்று கொண்டுபோகும். ஆனாலும் இருவரும் பேச்சை நிறுத்தியதே கிடையாது.

புது வண்டியில் மாலையும் கழுத்துமாக அவரை இடது பக்கம் உட்காரவைத்து விழிஞ்ஞத்துக்குக் கிளம்பினாள். கோவளம் தாண்டி வேகத்தடையாக ஒரு ஹம்ப். அவள் மெதுவாகத்தான் ஏற்றினாள். வண்டி குதித்த குதியில் அவர் தலை கூரையில் ‘ணங்’கென்று இடித்தது, இடுப்பு பிடித்துக்கொண்டது. திரும்பி வந்து ஒரு வாரம் தைலமும் வெந்நீர் ஒத்தடமுமாகக் குப்புறக் கிடந்தார்.

“இனி அந்த டப்பாவுல நான் கால் வெச்சா என் பேரை மாத்திக் கூப்பிடு” என்றார் தலையணைக்குள்ளிருந்து.

விஜயத்துக்கு வாய்ச் சண்டை என்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. அன்று மட்டும் அடுக்களைக்குப் போய் நின்று அழுதாள். தனியாக ஓட்டுவதற்கா அவள் இரண்டு இருக்கை வண்டி வாங்கினாள்?

கரமனையில் பிரதீஷ் என்பவன் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். பாறசாலைப் பக்கத்துக்காரன், தமிழில் மலையாளம் கலந்து பேசுகிறவன், வண்டிகளின் அடிப்பக்கத்து வேலையில் பேர் எடுத்தவன். காரைத் தூக்கி நிறுத்தி அடியில் போய்ப் பார்த்துவிட்டு, நெற்றியில் அடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

“அக்கா, வண்டி தாழ்ந்து கெடந்தா ஸ்டைலுன்னு அந்தப் பையன் ஸ்பிரிங்கை வெட்டி வெச்சிருக்கான். ஷாக் அப்சார்பர்ல எண்ணெயே இல்ல. இதுக்கு மேல உக்காந்தா உரலு மேல உக்காந்த மாதிரி அல்லே?”

விஜயத்துக்கு உள்ளூர ஒரு சங்கடம். வண்டி தாழ்ந்து கிடக்கிற அந்த அழகில்தான் அவள் மயங்கி விழுந்ததே. டயருக்கும் மேல் வளைவுக்கும் நடுவில் இரண்டு விரல்தான் போகும். கடை வாசலில் அது நிற்கும்போது, பாயப்போகிற பூனை பதுங்குவது போலிருக்கும். அந்த இரண்டு விரலை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

பிரதீஷ் மேஜைமேல் இரண்டு செட் ஸ்பிரிங் எடுத்து வைத்தான். ஒன்று சிவப்பு. கட்டையானது, கெட்டியானது. முறையாகச் செய்தது என்பதால் வெட்டிய ஸ்பிரிங் மாதிரி குதிக்காது, வளைவில் வண்டி சாயாது, இரண்டு விரல் அப்படியே இருக்கும். ஆனால் ரோட்டில் கிடக்கிற கல்லெல்லாம் முதுகுக்குத் தெரியும். மற்றது பச்சை. கம்பெனி உயரத்தைவிடக் கொஞ்சமே தாழ்த்தும், குழியில் இறங்கினால் இளகிக் கொடுக்கும். அதற்கேற்ற ஷாக்கும், இணைப்புகளில் இருக்கிற ரப்பர் புஷ்ஷும் சேர்த்து மாற்ற வேண்டும்.

“பச்சை போட்டா எத்தனை விரலு?”

“மூணரை. இப்ப இருக்கதை விட வண்டி ஒசரும். ஒரு காரியம் சொல்லுங்க, வண்டில ஒரு ஆளா, ரெண்டு ஆளா? ஒரு ஆளுன்னா கண்ண மூடிட்டு சிவப்பு போடலாம்.”

“ஒரு ஆளுதான்” என்றாள் விஜயம் வெடுக்கென்று. “எதுக்கும் யோசிச்சுச் சொல்லுதேன்.”

யோசிக்க என்ன இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வெட்டிய ஸ்பிரிங்கோடேயே விழிஞ்ஞத்துக்குப் போனாள். துறைமுகத்துப் பக்கம் ஒரு பெரிய கப்பல் வந்து நின்றிருந்தது. அதன் மேல் வீடு வீடாக அடுக்கின மாதிரி கண்டெய்னர்கள்.

“ஏங்க, அங்க பாருங்க!” என்று இடது பக்கம் திரும்பினாள். இருக்கையில் அவளுடைய கைப்பையும் ஒரு சீப்பு பழமும் இருந்தன. கைப்பைக்குக் கப்பல் காட்டிய தன் பிழைப்பை நினைத்துச் சிரிப்புதான் வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி அங்கேயிருந்தே பிரதீஷுக்குப் போன் போட்டாள்.

“பச்சையே போடு.”

“வண்டி ஒசரும், கேட்டோ? பின்னே என்கிட்ட வந்து சண்டை பிடிக்கப்பிடாது.”

“ஒசரட்டும்.”

இதை அவள் கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் ‘எனக்காக ஒண்ணும் வேணாம்’ என்பார். அப்புறம் அந்த வார்த்தையிலேயே ஏறி உட்கார்ந்துகொள்வார், இறங்கமாட்டார்.

வேலை முடிகிற அன்று பிரதீஷ் கனம் கேட்டான். வண்டியில் ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்குமோ, அந்த அமுங்கலில் வைத்துத்தான் ரப்பர் புஷ் போல்ட்டுகளை முறுக்க வேண்டும், சக்கரத்தின் நேர் பார்க்க வேண்டும். மொத்தக் கடைக்காரிக்குக் கனத்துக்கா பஞ்சம்? தன் பங்குக்கு அறுபத்துநாலு கிலோ சிவப்பு மட்ட அரிசியும் கணவர் பங்குக்குத் தொண்ணூற்றிரண்டு கிலோ சீனியும் நிறுத்துக் கட்டி அனுப்பினாள். சீனி இடத்தை அடைக்காது என்பதுதான் காரணம். தொண்ணூற்றிரண்டு என்பது, போன மாதம் டாக்டரிடம் அவரே வாயால் சொன்ன கணக்கு. கடைத் தராசைக் கண்டால் அவர் சுற்றிக்கொண்டு போகிறவர். அறுபத்துநாலு யார் சொன்ன கணக்கு என்று நாம் கேட்க வேண்டாம்.

மாலையில், வண்டி அன்றைக்குக் கைக்கு வராது என்று நினைத்து, அவளைக் கூட்டிப்போக சாம்பசிவன் ஸ்கூட்டரில் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். டப்பாவைப் பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வந்தார். ஆனால் அதன் இடது இருக்கையில் யாரோ பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பது ஓரக்கண்ணில் பட்டுவிட்டது. கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

“இதென்ன, சீனி மூட்டை?”

“அது சாருதான், சாரே” என்றான் அடியில் படுத்திருந்த பிரதீஷ். “தொண்ணூத்திரெண்டு கிலோ. அக்கா நிறுத்துக் கொடுத்துவிட்டது. அக்காவுக்குத் தாழ்ந்த ஸ்பிரிங்குதான் இஷ்டம். சாருக்கு இடுப்பு நோவும்னு அதை வேணாம்னு சொல்லிட்டு, ஒசந்தது போடச் சொல்லிச்சு.”

விஜயம் ஸ்பேனர் மாட்டியிருந்த சுவரை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“காப்பிக்கு ஒரு ஸ்பூன் தரமாட்டேங்குற. இங்க ஆளையே சீனியாக்கி வெச்சிருக்கியே, விஜயம்” என்றார் சாம்பசிவன்.  அவள் திரும்பவில்லை.

அவர் டயருக்கு மேலே விரல்களை நுழைத்துப் பார்த்தார். மூன்று போய், நாலாவது பாதி போயிற்று. இரண்டு விரல் அழகைப் பற்றி இவள் சாப்பாட்டு நேரத்தில் எத்தனை தடவை பேசியிருக்கிறாள்! கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“பிரதீஷே, அந்தக் கணக்கு தப்புப்பா.”

“எது சாரே?”

“தொண்ணூத்திரெண்டு இல்ல. தொண்ணூத்தெட்டு. சரியா வெச்சு முறுக்கு. பொறவு நான் உக்காரும்போது வண்டி கோணப்பிடாதுல்லா.”

விஜயம் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

“எனக்கும் ஒரு ஆறு கூட்டிக்கோப்பா” என்றாள் மெல்ல.

பிரதீஷ் அடியிலிருந்து தலையை நீட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “அப்பம் இந்த மூட்டையெல்லாம் எதுக்கு? எறக்கிப் போட்டுட்டு நீங்களே உக்காருங்க. முறுக்கி முடிக்க வரைக்கும் ஆடாம இருந்தா மதி, அது போதும்.”

மூட்டைகள் இறங்கின. அவள் ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்தாள். சாம்பசிவன் முதலில் கதவைப் பிடித்து, பிறகு கூரையைப் பிடித்து, ‘முருகா’ என்று இடது இருக்கையில் இறங்கினார். வண்டி அவரை மெதுவாக வாங்கிக்கொண்டது. எங்கும் இடிக்கவில்லை. அடியில் ஸ்பேனர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“மொதல்ல எங்க போறோம்?”

“போனக்காடு. மலை மேல தேயிலைத் தோட்டம்லாம் பாக்கலாம்.”

“வழியில ஹம்ப் உண்டா?”

“நெறைய உண்டு.”

“சாரே, ஆடாதீங்க” என்று அடியிலிருந்து குரல் வந்தது. சாம்பசிவன் ஆடவில்லை, சீட் பெல்ட்டைத்தான் இழுத்து மாட்டிக்கொண்டிருந்தார். வண்டி இன்னும் நகரவே ஆரம்பிக்கவில்லை.