லிஃப்ட் மாமாவின் சத்து மாத்திரை

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் தெருவே லிஃப்ட் மாமா என்றுதான் கூப்பிடும். மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஏழாவது மாடியில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கீழே இருட்டுக் குழி வாய் பிளந்து கிடக்க, பாட்டுப் பாடியபடி வேலை செய்வார். வீட்டில் ஃபேன் துடைக்க ஸ்டூலில் ஏறச் சொன்னால் மட்டும் முட்டி வலிக்கும்.

நெஞ்சு தாறுமாறாகத் துடிக்கிறது என்று, ரத்தம் உறையாமல் இருக்க டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். கம்பெனிக்குத் தெரிந்தால் உயரத்தில் ஏறவிட மாட்டார்கள், போன் எடுக்கிற வேலையில் உட்கார வைத்துவிடுவார்கள். அதனால் மனுஷன் அதைச் சத்து மாத்திரை டப்பாவில் கொட்டி வைத்துக்கொண்டார். அக்காவும் அதற்கு உடந்தை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் பேச்சை யார் கேட்டார்கள்?

ஒருநாள் காலை வேலையிடத்திலேயே வாய் கோணி, வலது கை தொங்கிச் சரிந்துவிட்டார். சூப்பர்வைசர்தான் ஆம்புலன்ஸில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஸ்கேன் முடிந்திருந்தது. அங்கே இருந்த டாக்டரம்மா சுற்றி வளைத்துப் பேசவில்லை.

"மூளைக்குள்ள ரத்தக் கசிவு. இப்போதைக்குச் சின்னதுதான். சீக்கிரம் வந்துட்டாரு, நினைவும் இருக்கு, வயசும் ரொம்ப ஆகல. இதெல்லாம் நல்லதுக்குத்தான். ஆனா கசிவு பெருசாயிடுச்சுன்னா காப்பாத்துறது கஷ்டம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுறாரா?"

அக்கா பக்கத்தில் நின்ற சூப்பர்வைசரைப் பார்த்தாள்.

"இல்லீங்க. சத்து மாத்திரை மட்டும்தான்."

"அக்கா!" என்றேன். என் கையைக் கிள்ளி, "சும்மா இருடி. அந்த வேலைதான் அவருக்கு உசிரு" என்று முணுமுணுத்தாள்.

"அந்த உசிரு உள்ள கிடக்குது, போய்ப் பாரு!"

டாக்டர் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தார். அக்கா ஓடிப்போய் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். "பொய் சொல்லிட்டேன்மா. சாப்பிடுறாரு. இன்னிக்குக் காலையிலகூட நான்தான் எடுத்துக் கொடுத்தேன்." மாத்திரையின் பெயரையும் சொன்னாள். சூப்பர்வைசர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

டாக்டர் திட்டவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு, மாத்திரையின் வேகத்தை முறிக்கிற ஊசியை உடனே போடச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். வெளியே பெஞ்சில் நாங்கள். கதவு திறக்கும்போதெல்லாம் நான் எழுந்து நின்றேன்.

மறுநாள் எடுத்த ஸ்கேனில் கசிவு பெருகவில்லை. கையும் காலும் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். அக்காவை மட்டும் உள்ளே விட்டார்கள். நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமா குழறிக் குழறி ஏதோ கேட்டார். அக்கா தலையாட்டினாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வெளியே வந்தவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"கம்பெனிக்குத் தெரியுமான்னு கேட்டாருடி. நான்தான் சொன்னேன்னேன். கோவப்படுறாருடி! என்னை அடையாளம் தெரிஞ்சு கோவப்படுறாரு!"